பனியில் எடுத்த நூற்றுப் பதினெட்டுப் படங்கள்

தல்லாகுளம், மதுரை.
மார்கழி 24.

என் தங்கச்சியைக் கைப்பிடித்த அன்பு மாப்பிள்ளை, திருப்பூர் ஜெயபாண்டி அவர்களுக்கு, மச்சான் அழகுபாண்டி வணக்கத்துடனும் உரிய மரியாதையுடனும் எழுதிக்கொள்வது.

இங்கே தாமரைச்செல்வியும் பிள்ளைகளும் சுகம். அந்தச் சுகத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பன்னிரண்டு நாளாகச் சளி. அங்கே தாங்களும் தங்கச்சியும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பிறருடைய போன் நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டில் போர்த்திப் படுப்பவர்களுக்கு என்ன குறை? இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

மார்கழியில் எங்கள் பிழைப்பு எப்படி என்று தங்களுக்குத் தெரியும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. மலைக்குப் போகும் சாமிமார்கள் இருமுடியோடு வந்து குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ்தான். இந்த வருடம் குளிர் கொஞ்சம் கூடிப்போனதும், மதுரைக்காரர்கள் எல்லோரும் காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வருகிறார்கள். "குல்லாவைக் கழட்டுங்க சார், காது தெரியணும்" என்றால், "காதுக்குள்ள காத்து போயிரும்ப்பா. நீ கம்ப்யூட்டர்ல காதை வரைஞ்சுக்க" என்கிறார்கள். நானும் காது வரைந்துகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். அப்போதுதான் தாங்கள் தங்கள் சிநேகிதரின் தம்பி ராம்கியிடம், "எங்க மச்சான் பனியில எடுத்தார்னா சொர்க்கம் மாதிரி இருக்கும்" என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள். நான் எந்தப் பனியில் எடுத்து, எந்தச் சொர்க்கத்தைத் தாங்கள் பார்த்தீர்கள் என்பதை இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதவும்.

ராம்கிக்குச் செல்லூர், வேலை பெங்களூரில். பெண் சுபலட்சுமி, இங்கே தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மூன்று தரம் பரீட்சை எழுதித் தேறிய பிள்ளை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். தகப்பன் இல்லை. திருவாதவூரில் விவசாயம் பார்க்கும் தாய்மாமன் முத்துக்கருப்பன்தான் அவளுக்கு எல்லாம். தை இருபத்தொன்றில் கல்யாணம். அதற்கு முன்னால் இரண்டு பேரும் மூடுபனியில் நிற்கிற மாதிரி படம் வேண்டுமாம். ராம்கி போனில் ஒரு படம் காட்டினார். அதில் வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு பெண்ணோடு ஐஸ் மலையில் நிற்கிறான். "இதே மாதிரி வேணும்ண்ணே" என்றார். "தம்பி, இது நம்ம மேலூர்ப் பக்கம் விழுகிற பனி. வெயில் ஏறுனா ஏழு மணிக்கெல்லாம் எந்திரிச்சுப் போயிரும்" என்று எடுத்துச் சொன்னேன். "அதுக்குள்ள எடுத்துருங்க" என்றார். தாங்கள் அனுப்பிய ஆள் என்கிற ஒரே காரணத்துக்காகச் சரி என்றேன்.

மார்கழி பன்னிரண்டாம் தேதி விடியற்காலை அவர்களுடைய காரில் ஏறினேன். மாப்ள, மார்கழி மாதத்தில் காருக்குள் ஏசி ஓடுவதைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்களா? பெண்ணுக்கு மேக்கப் கலைந்துவிடுமாம். திருவாதவூர் போய்ச் சேருவதற்குள் எனக்குப் பல் தந்தியடித்தது. கண்மாய்க் கரையில் இறங்கிக் கேமராவை வெளியே எடுத்தால், ஏசியில் குளிர்ந்து கிடந்த லென்ஸில் பனி ஏறி, கஞ்சிச் சட்டி மூடி போல வேர்த்து ஊற்றுகிறது. துடைத்தால் மறுபடி வேர்க்கிறது. நான் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ராம்கி பின்னாலேயே நின்றுகொண்டு, "அண்ணே, பனி போயிரப் போகுது, பனி போயிரப் போகுது" என்கிறார். ஏதோ பனியைப் பிடித்துக் கட்டி வைக்காதது என் குற்றம் போல.

இதற்குள் முத்துக்கருப்பன் வந்துவிட்டார். தலையில் துண்டு, கையில் ஒரு முழ நீள டார்ச் லைட். "மார்கழியில சுபகாரியமே பண்ணக் கூடாது. போட்டோதானேன்னு விட்டேன். ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கணும், ஆமா" என்றார். சொன்னதோடு விட்டாரா? அந்த ஒரு முழம் இருக்கிறதா என்று நொடிக்கொரு தரம் நடுவில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பனியில் டார்ச் அடித்தால் என்ன ஆகும்? முதல் இருபது படத்திலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கம்பம் நட்டது போல நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு கல்யாண ஜோடியைக் கம்பத்தோடு எடுத்தது இதுதான் முதல் தடவை.

அப்போது நான் ஒரு யோசனை செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க நான் ஒரு தெர்மாகோல் அட்டை கொண்டுபோயிருந்தேன். அதை முத்துக்கருப்பன் கையில் கொடுத்து, "அண்ணே, இதை நீங்க அந்தப் புளிய மரத்துக்கிட்ட நின்னு கிழக்குப் பாத்துப் பிடிச்சாத்தான் உங்க மருமக மூஞ்சியில களை தெரியும்" என்றேன். சூரியனே வரவில்லை. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாமி போல நின்றுவிட்டார். நான் ஜோடியைத் தூரத்து வரப்பில் நிறுத்திவிட்டு, பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு ஐம்பது அடி தள்ளி நின்றேன்.

மாப்பிள்ளை அவர்களே, அப்போது எனக்குக் கிடைத்த காட்சியை என்னவென்று எழுதுவது! சுற்றிலும் வெள்ளை. நடுவில் அவர்கள் இருவர் மட்டும். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். பேச்சு என் காதுக்கு எட்டவில்லை. உதடு மட்டும் அசைகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு உயிர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படித்தான்! கண்ணைப் பாத்தே பேசுங்க!" என்று கத்தினேன். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "பிரமாதம்! இன்னும் கிட்ட!" என்றேன். அவள் ஒரு விரலை உயர்த்தினாள். "அந்த வெரலை அப்படியே வச்சுக்கங்கம்மா!" என்றேன். விடாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் படத்துக்குள் ராம்கி மட்டும் நிற்கிறார். பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நடந்து போய், மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முத்துக்கருப்பன் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த என் தெர்மாகோல் கண்மாயில் விழுந்தது. "எங்கய்யா எம் மருமக?" என்றார். "பஸ் ஏறிருச்சு" என்றேன். "நீர்தான்யா என்னைய மரத்தைப் பாத்து நிக்க வச்சீரு!" என்று என் மேல் பாய்ந்தார். ராம்கியோ வரப்பில் குத்தவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். என்ன நடந்தது என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பெண்ணும் போனை எடுக்கவில்லை. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது, மாப்ள. ஒரு பிள்ளையின் கல்யாணம் என் கண் முன்னால் நின்றுபோனது. நான் அதைப் 'பிரமாதம்' என்று பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவைத் திறந்தேன். வாசலில் ஒரு பக்கம் முத்துக்கருப்பன், இன்னொரு பக்கம் ராம்கியும் அவருடைய அம்மா செல்லக்கிளியும். படத்தைப் பார்க்க வேண்டுமாம். யார் முதலில் சண்டையை ஆரம்பித்தது என்று படத்தில் தெரியுமாம். நான் போட்டோகிராபர், கோர்ட் இல்லை என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? குல்லா போட்டவர்கள் உட்காரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நூற்றுப் பதினெட்டுப் படத்தையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன்.

"இந்தா, நிறுத்துங்க! இதுல மாப்பிள்ளை மூஞ்சி மாறுது பாருங்க" என்றார் முத்துக்கருப்பன்.

"அது மாறல. அவன் மூஞ்சியே அப்படித்தான்" என்றார் செல்லக்கிளி.

"அதுக்கு முந்துன படத்தைப் போடுங்க."

போட்டேன். அதில் ராம்கி கண்ணை மூடியிருந்தார். "தூங்குறானா?" என்றார் முத்துக்கருப்பன். நான் நடுவில் புகுந்து, கண் சிமிட்டும்போது விழுந்த படம் என்று விளக்கினேன். உடனே அவருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. "நீர் ராத்திரியே உக்காந்து கோபத்தையெல்லாம் அழிச்சுட்டீரா? காது வரையுற ஆளுதானே நீரு?" என்று கேட்டார். மாப்ள, கோபத்தை அழிக்கிற வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் முதலில் என் கோபத்தை அழித்துக்கொண்டு இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்!

இந்தக் கூத்து நடக்கும்போது தாமரைச்செல்வி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறாள். போய் அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுபலட்சுமி நேராக உள்ளே வந்தாள். அவள் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"மாமா, படத்துல தேடாதீங்க, நானே சொல்றேன். கல்யாணம் முடிஞ்சதும் வேலையை விட்டுட்டு பெங்களூர் வந்துரணும்னாரு. மூணு தடவை எழுதி வாங்குன வேலை, விட மாட்டேன்னேன். எங்க அம்மா அப்படித்தான் எதிர்பார்க்குறாங்கன்னாரு. அப்ப போட்டோவுக்கும் உங்க அம்மாவையே பக்கத்துல நிறுத்திக்கங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

செல்லக்கிளி மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

ராம்கி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"பதினெட்டு வருசம் செல்லூர்ல தறியில நின்னு உன்னையப் படிக்க வச்சவ நான். நானாடா ஒரு பிள்ளைய வேலைய விடச் சொல்லுவேன்? உனக்கு வேணும்னா உன் பேரைச் சொல்லிக் கேக்கணும். என் பேரை எதுக்குடா இழுத்த?"

அதற்குப் பிறகுதான் ராம்கி உண்மையைச் சொன்னார். "அங்க நாலு வருசமா தனியாத்தான்மா இருக்கேன். ரூமுக்குப் போனா பேச ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறமும் அப்படித்தானான்னு நினைச்சதும் பயந்துட்டேன். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சுபலட்சுமி ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "இதைக் கண்மாய்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பஸ் ஏறப் போறேன்?" என்றாள். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "பத்து நாள் குடுங்க. பேசிப் பாக்குறேன். மாமா, அதுவரைக்கும் யாரும் எனக்குப் போன் பண்ண வேணாம். இவர் மட்டும் பண்ணட்டும்."

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? முத்துக்கருப்பன் தினமும் திருவாதவூரிலிருந்து பஸ் ஏறி வந்து, என் பெஞ்சில் உட்கார்ந்து, "எதாச்சும் தகவல் உண்டா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். பெண்ணின் தாய்மாமனுக்கே தெரியாத தகவல் என்னிடம் எப்படி இருக்கும்?

நேற்று இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ராம்கி மதுரையிலிருந்தே வேலை செய்யக் கம்பெனியில் கேட்டிருக்கிறாராம். கிடைக்கும்வரை வாராவாரம் ரயிலாம். கல்யாணம் அதே தேதியில்தான். எனக்குக் கண் கலங்கியது. சளி என்று சொல்லிச் சமாளித்தேன். அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கல்யாண பிளக்ஸுக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் நான் பார்த்துப் பார்த்து நிற்க வைத்து எடுத்ததில் டார்ச் கம்பத்தையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து நீக்கி வைத்திருந்தேன். அதை ஒரு விநாடி பார்த்தார்கள். தள்ளிவிட்டார்கள். எழுபத்து நாலாவது படத்தில் நின்றுவிட்டார்கள். அவள் விரலை உயர்த்துகிறாள், அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஓரத்தில் லென்ஸ் வேர்த்த கறை. என் கை வேறு ஆடியிருக்கிறது.

"அம்மா, இது தப்பான படம்" என்றேன்.

"இல்லண்ணே. இதுலதான் நாங்க மெய்யாப் பேசுறோம்" என்றாள்.

பன்னிரண்டு அடி பிளக்ஸ், மாப்பிள்ளை அவர்களே! செல்லூரில் ஒன்று, திருவாதவூரில் ஒன்று, மண்டப வாசலில் ஒன்று. கீழே கொட்டை எழுத்தில் என் ஸ்டுடியோ பெயர். ஊரே அண்ணாந்து பார்த்து, 'கை ஆடுகிற போட்டோகிராபர் யார்' என்று படித்துத் தெரிந்துகொள்ளும். இதற்கிடையில் முத்துக்கருப்பன் வந்து, "நான் அட்டை பிடிச்சது ஒரு படத்துலயும் விழலையே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போகிறார்.

ஆகையால் முடிவாக எழுதுகிறேன். இனிமேல் இந்த அழகுபாண்டி கண்மாய்க்கோ வரப்புக்கோ பனிக்கோ போவதாக இல்லை. நாலு சுவருக்குள் உட்கார்ந்து காது வரைவேன். பொங்கலுக்குத் தங்கச்சியையும் மருமகளையும் அனுப்பிவையுங்கள். தாங்கள் திருப்பூரிலேயே இருந்து, யாருக்கும் யாருடைய நம்பரையும் கொடுக்காமல் பண்டிகையைக் கொண்டாடலாம்.

மருமகளுக்கு என் முத்தங்கள். தங்கச்சிக்கு என் ஆசி. தங்களுக்கும், கோபம் கோபமாக இருந்தாலும், தறியும் வியாபாரமும் குறைவில்லாமல் ஓட மீனாட்சி கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மச்சான்,
அழகுபாண்டி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தாமரைச்செல்வி இதைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "ஊர்ல உள்ள ஜோடியையெல்லாம் எடுக்குறீங்க. நாம சேர்ந்து நிக்கிற படம் கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்னாச்சும் இருக்கா? பத்தொம்பது வருசமா சண்டை போடுறோம், அதுலயாவது ஒன்னு எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றாள். வீடு முழுவதும் தேடிப் பார்த்தேன், இல்லை. எனவே பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, திருவாதவூர்க் கண்மாய்க் கரையில், நானும் அவளும். தாங்கள் அவசியம் வர வேண்டும். எடுக்க வேறு ஆள் இல்லை. கேமராவை நானே சரிசெய்து தந்துவிடுகிறேன், தாங்கள் பொத்தானை அமுக்கினால் போதும். நாங்கள் என்ன பேசினாலும் நிறுத்திவிட வேண்டாம், மாப்ள.