பிச்சையாவின் இரண்டு வங்கிகள்

துறைமுகச் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் பிச்சையா, முன்ஜாக்கிரதைக்குப் பெயர் போனவர். ஒரு வங்கி கவிழ்ந்தால் அதில் ஓர் ஆளுக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு என்று செய்தித்தாளில் படித்த அன்றே, தம் சேமிப்பான பத்து லட்சத்தை இரண்டாகப் பிரித்தார். ஐந்தைக் கடலோர வங்கியிலும், ஐந்தை எதிர்ச்சாரியில் இருந்த தென்முனை வங்கியிலும் வைப்பாகப் போட்டார். தை மாதம் அந்தப் பணத்தை எடுத்துத்தான் மனைவி செல்வராணிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் ஒரு சாலை ஓடியதில் அவருக்குத் தனி நிம்மதி.

இந்த நிம்மதி உரிய மேலிடத்தின் கவனத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனி மாதத்தில் தென்முனை வங்கி கடலோர வங்கியை வாங்கிவிட்டது. இரண்டு பெயர்ப்பலகைகளும் இறங்கின. 'ஜிவாரா' என்று ஒன்று ஏறியது. அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. பொருள் இருந்தால் வாடிக்கையாளர் எதையாவது எதிர்பார்ப்பார் என்று பெயர் சூட்டிய நிபுணர்கள் கருதினார்களாம்.

விஷயம் அறிந்து பிச்சையா வங்கிக்கு ஓடினார். 'உறவு மேலாளர்' என்ற பலகைக்குப் பின்னால் ரம்யா என்ற அதிகாரி புன்னகையோடு அமர்ந்திருந்தார்.

"ரெண்டு வங்கியில போட்டிருந்தேன் தாயி. இப்போ ரெண்டும் ஒண்ணாயிட்டு. மொத்தத்துக்கும் அஞ்சு லட்சம்தானே காப்பீடு?"

"வங்கி மூழ்கினாத்தானே சார் காப்பீடு வேணும்? மூழ்காது."

"அதை எழுதிக் குடுங்களேன்."

"எழுதிக் குடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல சார். சொல்ல மட்டும்தான்."

"மூழ்காதுன்னா கடலோர வங்கியை ஏன் வித்தாங்க?"

"அது மூழ்க இருந்துச்சு சார்."

"அது மூழ்காதுன்னு போன வருஷம் ஒரு பிள்ளை எங்கிட்ட சத்தியம் பண்ணிச்சே!"

"நான்தான் சார் அது. அப்போ நான் அங்க வேலை பார்த்தேன்."

பிச்சையா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "சரி, ஒரு வைப்பை உடைச்சுக் குடுங்க. வேற எங்கனயாவது போட்டுக்கிடுதேன்."

"அபராதம் இல்லாம எடுக்க முப்பது நாள் குடுத்தோமே சார். போன் மெசேஜ்ல லிங்க் அனுப்பினோம்."

பிச்சையா போனைத் துழாவினார். செய்தி இருந்தது. 'எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், ஏமாறாதீர்கள். விவரங்களுக்குக் கீழேயுள்ள லிங்க்கைத் தொடவும்.'

"தொடாதேன்னு போட்டிருந்துச்சு, தொடல."

"விழிப்பான வாடிக்கையாளர் சார் நீங்க. ஆனா முப்பது நாள் நேத்தோட முடிஞ்சிட்டு."

பிச்சையா கொதித்துப்போய்ப் பக்கத்துக் கடை உப்பு வியாபாரி நயினாரிடம் சொன்னார். நயினாரின் பணமும் அங்கேதான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டு பேரைத் திரட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வங்கி நடத்தும் 'உரிமை மாற்ற உவகைப் பெருவிழா'வில் நுழைந்து நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. நயினார் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார்.

கோரிக்கை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கோஷத்தோடு மண்டபத்துக்குள் போனார்கள். வாசலிலேயே ஒரு மேசை. மேசை மேல் கோபுரமாக ஹாட்பாக்ஸ்.

"கோஷம் போடுறவங்களும் வாங்கிக்கலாம்," என்றார் ரம்யா. "ஒரு கையெழுத்து மட்டும்."

கோஷம் மெல்லத் தணிந்து, யார் முந்தி என்ற தகராறாக மாறியது. ஒரு கையில் பேனா, மறு கையில் ஹாட்பாக்ஸ் என்றானபின் அட்டைகளைப் பிடிக்கக் கையில்லை; கீழே போட்டார்கள். நயினாரின் பேனா எழுதவில்லை. ஐந்து கேள்விகள் இருந்த தாளிலேயே கிறுக்கிப் பார்த்துச் சரிசெய்தார். பிச்சையா கொள்கைப் பிடிப்போடு சற்று ஒதுங்கி நின்றார். எப்படியும் நம் பணத்தில் வாங்கியதுதானே என்று தோன்றவும், அவரும் வரிசையில் சேர்ந்தார்.

வீட்டில் செல்வராணி கால் நீட்டி உட்கார்ந்தபடியே மூடியைத் திறந்தாள். உள்ளே மடித்த தாள் ஒன்று. பிச்சையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

'தங்கள் விருப்பத்துக்கிணங்க, தங்களுடைய இரண்டு வைப்புகளும் எமது நிறைவாழ்வுத் திட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் முழுத் தொகையும் பெற்று மகிழ்க.' அடியில், மண்டபத்தில் அவர் போட்ட கையெழுத்தின் கார்பன் நகல், சுழிகூட மாறாமல்.

"என்னங்க போட்டிருக்கு?"

"பன்னெண்டு வருஷம்ளா..."

"கியாரண்டியா? நல்ல கம்பெனிதான்!"

அதற்குள் போன் அடித்தது. நயினார்.

"ஏலே பிச்சையா, உன் டப்பாவுக்குள்ளயும் தாள் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி." தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். "விடக் கூடாது. நாளைக்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போயி வங்கியை மறிப்போம்."

"கண்டிப்பாப் போவணும்லே. வரும்போது ஒரு பை கொண்டு வா. நாளைக்கு வாரவங்களுக்கு ஃபிளாஸ்க் குடுக்காங்களாம்."

பிச்சையா, செல்வராணி இருந்த பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எத்தனை லிட்டராம்?"