முப்பத்து மூன்று இஞ்ச் டயரும் ஜெனியின் கல்யாணமும்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் சரியான சைஸில் வாங்கியதே கிடையாது. பள்ளிக்கூடச் சட்டையின் தோள்பட்டை முழங்கைவரை தொங்கும். ஷூவுக்குள் முன்பக்கம் பஞ்சு அடைத்துத்தான் போடவேண்டும். "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்பது மம்மி எல்லாக் கடைக்காரர்களிடமும் சொல்லும் ஒரே வாக்கியம். (பத்தாம் வகுப்போடு நான் வளர்வதை நிறுத்திக்கொண்டேன். அந்தத் தகவல் மம்மிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.)

இப்படி வளர்க்கப்பட்ட ஒருவனிடம் டயர் வாங்கும் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பெங்களூரில், தொம்மலூரில் ஓர் ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். அப்படிப்பட்டவர்களுக்கு முப்பது வயதை ஒட்டி ஒரு வியாதி வரும். சிலர் மாரத்தான் ஓடுவார்கள், சிலர் மாடியில் தக்காளி வளர்ப்பார்கள். எனக்கு வந்தது ஜீப். காடு மேடு சேறு என்று எங்கும் போகக்கூடிய, நாலு சக்கரமும் இழுக்கிற, செகண்ட் ஹேண்ட் ஜீப். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அதை நிறுத்தியபோது டாடி வெளியே வந்து பார்த்துவிட்டு, "இதுல எங்கடா போகப்போற?" என்றார்.

"ஆஃப் ரோடு டாடி. ரோடே இல்லாத எடத்துக்கு."

"அதுக்கு எதுக்கு ஜீப்பு? நம்ம சர்ச் தெருவுக்குப் போனாப் போதுமே" என்றார் டாடி. பைப் போடுகிறேன் என்று அந்தத் தெருவைத் தோண்டி, மண்ணை மட்டும் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் உழுத வயல்தான்.

ஜீப்போடு வந்த டயர்கள் மொட்டை. புது டயர் போட்டாக வேண்டும். ஆஃப் ரோடு ஓட்டுகிறவர்களின் வாட்ஸாப் குரூப் ஒன்றில் சேர்ந்து விசாரித்தேன். ஒரு புண்ணியவான் பொறுமையாக எழுதினார்: டயரின் பக்கவாட்டில் 245/75 R16 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, இஞ்சில். புதிதாக ஆரம்பிக்கிறவர் கம்பெனி கொடுத்த அதே சைஸில், மண்ணைக் கவ்வுகிற, கொஞ்சம் கரடுமுரடான பட்டன் உள்ள டயராகப் போட்டால் போதும். பெரிய சைஸ் வேண்டுமென்றால் முதலில் வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும்போது டயர் பாடியில் இடிக்கும்.

நல்ல, தெளிவான அறிவுரை. முழுவதையும் படித்தேன். கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டேன். பிறகு நேராகக் கடைக்குப் போய், 285/75 R16 கேட்டேன். மொத்த உயரம் ஏறத்தாழ முப்பத்து மூன்று இஞ்ச். ஏன் என்று கேட்டால், என் ரத்தத்தில் ஓடுவது மம்மியின் ரத்தம். வண்டி வளராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் வளர்வேன் இல்லையா? இன்றைக்குக் கற்றுக்குட்டி. நாளைக்கு மலையேறப் போகிறவன்.

டயர் கடை நயாஸ் பாய் தடுப்பார் என்று நீங்கள் நினைத்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. என்னைவிட அவருக்கு உற்சாகம்.

"சார், சின்ன டயர் போட்டா இந்த வண்டி பூனை மாரி இருக்கும். இத்த போடுங்க. ரோட்ல போனா அவனவன் ஒதுங்குவான்."

"இடிக்காதே பாய்?"

காலி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக் காட்டினார். டயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விரலை விட்டார். "பாருங்க, வெரல் போவுது. இதுக்கு மேல என்னா வேணும்?" நானும் என் விரலை விட்டுப் பார்த்தேன். போனது. இரண்டு பேரும் அந்த இடைவெளியைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

புது டயரோடு வீட்டுக்கு வரும்போது மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வந்தது. (எனக்கு அது சிங்க கர்ஜனையாகத்தான் கேட்டது.) என் தங்கை ஜெனி கேட் அருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம்.

ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். அந்தத் தேவாலயத்தில் யார் மணப்பெண்ணாக உள்ளே நடந்து வந்தாலும் பக்கத்தில் நின்று பாடியது அவள்தான். இப்போது அவள் முறை. குழுத் தலைவர் செல்வின் அவளுக்காகவே ஒரு பாட்டை நான்கு குரலில் பிரித்து, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். நகை, புடவை, மண்டபம், பிரியாணி எதைப் பற்றியும் ஜெனி வாயைத் திறக்கவில்லை. "எனக்கு அந்தப் பாட்டு மட்டும் போதும்ணா. ஒரு தடவையாவது எனக்காகப் பாடி நான் கேக்கணும்" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், அன்று அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்கள். பாஸ்டர் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "லேட்டா வந்தா ஆராதனைய கொறைக்க முடியாது. பாட்டத்தான் கொறைப்பேன்."

டாடி வாடகைக் கார் சொல்லப் போனார். நான் குறுக்கே விழுந்தேன். சர்ச் தெரு சேறும் சகதியுமாகக் கிடக்கிறது, கார் பாதியில் சிக்கிக்கொள்ளும், வெள்ளைப் புடவையோடு ஜெனி சேற்றில் இறங்க வேண்டியிருக்கும், அந்தத் தெருவுக்கென்றே பிறந்த வண்டி வாசலில் நிற்கிறது என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

ஜெனி டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டைமுக்குப் போயிடுவோமில்ல?"

"நான் ஓட்றேன்ல" என்றேன். அந்த 'நான்' என்ற சொல்லில் நான் வைத்த அழுத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சிவக்கிறது.

சனிக்கிழமை காலை. இரவெல்லாம் மழை. வண்டிக்கு ரோஜாமாலை போட்டிருந்தேன். டயர் மாற்றியதில் வண்டி உயர்ந்தது ஓர் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் மம்மியின் முழங்கால் அந்த ஓர் இஞ்சைக் கண்டுபிடித்துவிட்டது. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு மம்மியை ஏற்றினோம், அப்புறம் பெரியம்மாவை, பெரியம்மாவின் பெரிய பையை, கடைசியாக ஜெனியை. டாடி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டாடி நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு முன்பக்கம் தாழ்ந்தது. நயாஸ் பாயின் விரல் இருந்த இடம் அப்போதே காணாமல் போயிருக்க வேண்டும். நான் குனிந்து பார்க்கவில்லை. கோட்டு போட்டிருந்தேன்.

மெயின் ரோட்டில் சிங்கம் போலப் போனோம். டூவீலர்கள் ஒதுங்கின. நயாஸ் பாய் சொன்னது பலித்தது. சர்ச் தெருமுனை வந்தது. இடதுபக்கம் திருப்ப வேண்டும். சரியாகத் திருப்பத்தில் ஒரு ஹம்ப். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன், ஹம்ப்பில் ஏறி இறங்கினேன், வண்டியின் முன்பக்கம் ஒரு முங்கு முங்கியது. கர்ர்ரக் என்று ஒரு சத்தம்.

பயந்து பிரேக் அடித்தேன். டயர் மேலே ஏறி, சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கவ்விப் பிய்த்து, தனக்கும் பாடிக்கும் நடுவே செருகிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் வரவில்லை. மூக்கு தெருவுக்குள், முதுகு மெயின் ரோட்டில் என்று ஜீப் குறுக்கே நின்றது. இரண்டு வழியும் அடைபட்டன. பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் பெங்களூர்.

"என்னடா?" என்றார் டாடி.

"ஒண்ணுமில்ல டாடி. சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிறகு இறங்கி வந்து, "ஏன்ரீ இது? ரோடா, இல்லா நிம்ம மனேனா?" என்று கன்னடத்தில், இது ரோடா உங்கள் வீடா என ஆரம்பித்தார். கண்ணாடி வழியே ஜெனியின் முக்காட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஜெனி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. மடியில் இருந்த பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, பாட்டு போயிடும்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நிமிஷம் நாலு டயரையும் என் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கலாம் போலிருந்தது.

அப்போது தெருவுக்குள்ளிருந்து ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்து ஜீப்பின் மூக்குக்கு நேராக நின்றது. மூன்று சக்கரம், ஒவ்வொன்றும் மம்மியின் இட்லிப் பானை மூடி அளவு. சர்ச்சில் நாற்காலிகள் இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி. மிச்சமாக ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் இருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"மதுவே... கல்யாணப் பொண்ணா? சர்ச்சுக்கா? ஏறச் சொல்லுங்க சார், ரிவர்ஸ் போட்டுத் திருப்பிக்கிறேன்."

"சேறு இருக்கே" என்றேன் நான், ஒரு நிபுணனின் கவலையோடு.

"இருந்தா இருக்கட்டும். காலைலேர்ந்து அஞ்சாறு நடை போயிட்டேன்" என்றார் அவர்.

இறங்குவதற்கு ஸ்டூல் இல்லை. வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டோம். அந்த நாற்காலியைப் போட்டுத்தான் ஜெனியை இறக்கினோம். அதையே ஆட்டோவில் வைத்து, அதன் மேல் அவளை உட்கார வைத்து, டாடி பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மம்மி டிரைவர் பக்கத்தில். நானும் ஏறப் போனேன். "நீ ஒன் வண்டிய எடுத்துட்டு வா" என்றாள் ஜெனி. பெரியம்மா, "என்னால எறங்க முடியாதுப்பா" என்று ஜீப்பிலேயே இருந்துவிட்டார்.

ஆட்டோ அந்தச் சந்துக்குள் தட்டாமாலை சுற்றித் திரும்பி, சேற்றில் குலுங்கிக்கொண்டே மெதுவாகப் போனது. ஜெனி ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் முக்காட்டையும் பிடித்திருந்தாள்.

சர்ச்சில் நடந்ததை அப்புறம் செல்வின் சொன்னார். நேரம் தாண்டியதும் பாஸ்டர் ஐயா, "பாட்டு வேணாம். பொண்ணு வந்ததும் நேரா ஆரம்பிச்சிடலாம்" என்றாராம். குழுவில் ஒரு பெண் அழுதேவிட்டாளாம். அந்த நேரத்தில் யாரோ ஓடிவந்து, பெண் லக்கேஜ் ஆட்டோவில் வருகிறாள் என்று சொல்ல, ஐயா வெளியே வந்து தெருவைப் பார்த்திருக்கிறார். பிறகு செல்வினைப் பார்த்து, "உள்ளதான் நேரம் இல்லன்னேன். வெளிய பாடினா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?" என்றாராம்.

இங்கே நான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பிளாஸ்டிக்கை வெட்டக் கத்தி வேண்டும். பெரியம்மா தன் பையைத் துழாவி, ரிப்பன் கட்டிய கேக் கத்தியை ஜன்னல் வழியாக நீட்டினார். வெட்டத் தொடங்கினேன். அப்போது தெருக்கோடியில் பாட்டு எழுந்தது.

நான்கு குரலும் கேட்டன. சர்ச் வாசலில் வரிசையாக நின்று, அவள் வரும் வழியைப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். சேற்றில் ஆட்டோ ஊர்ந்து வந்ததால், முதல் சரணத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். பஸ் டிரைவர் எஞ்ஜினை நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கையைக் காட்டி அடக்கினார். நான் டயருக்குக் கீழே படுத்துக்கொண்டு அழுதேன். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொன்னேன்.

ஒருவழியாகப் பிளாஸ்டிக்கைப் பிய்த்தெடுத்து, ஜீப்பை ஓரம் கட்டி, பெரியம்மாவை எப்படியோ தாங்கிப் பிடித்து இறக்கி முன்னால் அனுப்பிவிட்டு, சேற்றில் ஓடினேன். சர்ச் கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஏனென்றால், பாஸ்டர் ஐயா அப்போதுதான், "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லவும்" என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தார்.

மொத்த சபையும் திரும்பியது. மணமகளின் அண்ணன், முகமெல்லாம் கறுப்பு, சட்டையெல்லாம் சேறு, கையில் கத்தி. மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"தம்பி, ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஐயா.

"இல்லங்கய்யா. வண்டி நிறுத்த எடம் தேடிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் நயாஸ் பாயிடம் போய்க் கம்பெனி சைஸுக்கே மாற்றினேன். அவரும் வெட்கப்படாமல், "இதான் சார் கரெக்ட். பூனை மாரி வளையும்" என்றார். ஊருக்கு வெளியே நடந்த புதியவர்களுக்கான ஆஃப் ரோடு பயிற்சிக்கு அந்த டயரோடு போனேன். பயிற்சி கொடுத்தவர் டயரைத் தட்டிப் பார்த்து, "ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சரியான சைஸ். நெறையப் பேர் இதுல தப்பு பண்ணுவாங்க" என்றார். "ஆமா சார், விஷயம் தெரியாதவங்க" என்று நானும் தலையாட்டினேன்.

ஜெனி அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எங்கண்ணன் சரியான டயர் போட்டிருந்தா, கதவுலேர்ந்து பலிபீடம் வரைக்கும்தான் எனக்குப் பாட்டு. இப்போ தெரு முழுக்கக் கெடச்சுது" என்று முடிப்பாள். அதற்காகத்தான் போட்டேன் என்று நானும் அடித்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணமானாலும், பாஸ்டர் அந்தத் தடைக் கேள்வியைக் கேட்டதும், குடும்பமே திரும்பி வாசல் கதவைப் பார்க்கும். போன வருஷம் எனக்கே கல்யாணம் ஆனது. ஐயா அதே கேள்வியைக் கேட்டார். டாடி, மம்மி, பெரியம்மா, பாட்டுக் குழுவில் நின்ற ஜெனி, அவள் புருஷன் உட்பட அத்தனை பேரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். நான் பலிபீடத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் நானும் திரும்பிப் பார்த்தேன்.