பெரியவர் நாற்காலியும் அழிந்துபோன கரடியும்

நான் அன்பும் பயமும் சரிபாதியாக வைத்திருக்கும் அக்கா ஃப்ளோரன்ஸுக்குத் தம்பி அல்போன்ஸ் எழுதிக்கொள்வது. சாஸ்கட்டூன் நகரத்தில் நானும் என் முழங்காலும் நலம். அங்கே நீயும் அத்தானும், போன மாதம் என்னைக் கடித்த நாயும் நலமா?

நீ ஏவியபடியே, நம் க்ரீ பழங்குடிப் பிள்ளைகளுக்காக இங்கே கட்டப்போகும் மாணவர் விடுதி பற்றிய கூட்டத்துக்குப் போனேன். உன் மகள் டெலோரா போன வருடம் இங்கே படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு ஓடியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வாராவாரம் நாம் எல்லாரும் போய்ப் பார்த்தும், அந்தத் தீப்பெட்டி அறையில் பிள்ளை தனிமையில் வாடிவிட்டாள். விடுதி நம் வீடு மாதிரி இருந்தால்தான் திரும்ப அனுப்புவேன் என்று நீயும் சொல்லிவிட்டாய். அவள் படிப்பே என் கையில் என்ற பாரத்தோடு போனால், நரைமுடியைப் பார்த்துப் பெரியவர்கள் நாற்காலியில் உட்காரவைத்து, தட்டு நிறைய நம் பானக் ரொட்டி கொடுத்துவிட்டார்கள்.

பிரென்னன் என்று ஒரு கட்டடக்கலைஞர், நல்ல பையன், வரைபடத்தை விரித்து, "மேலேருந்து பாத்தா கட்டடம் கரடி மாதிரி தெரியும், ஐயா" என்றார். நம் பிள்ளைகள் பேருந்தில் வருகிறார்கள். மேலேயிருந்து யார் பார்ப்பது? மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நம்மில் யாராவது கேட்டவுடன் பதில் சொல்கிறோமா? தேநீரை ஒரு மிடறு குடித்து, ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தானே வாயைத் திறப்போம்? அது அவருக்குத் தெரியவில்லை. "பிடிக்கலையா ஐயா?" என்று கரடியை அழித்துவிட்டார். கூரையில் கூடாரக் கம்புகளைக் காட்டினார். என் வாயில் ரொட்டி, மெல்ல வேண்டாமா? கம்புகள் போயின. ஜன்னலில் வரைந்திருந்த கழுகு போயிற்று, நடுவில் இருந்த தியான மண்டபமும் போயிற்று. நான் விழுங்கி முடித்தபோது நாலு சுவர்தான் மிச்சம். பக்கத்திலிருந்த என் மச்சான் லாசரஸ், "மாப்ள, இன்னொரு ரொட்டி தின்னா சுவரும் போயிடும், வாயத் தொறடா!" என்றான்.

திறந்தேன். "நடுவுல பெரிய அடுப்படி போடுங்க தம்பி. மூஸ் மான் தொடையக் கிடத்தி வெட்டுற அளவுக்கு ஒரு மேசை. வர்ற சனம் படுக்க இடம்."

"ராத்திரி வெளியாள் தங்கக் கூடாது ஐயா. அம்மா மட்டும் தங்கலாம்."

"அது போதும். எங்க டெலோராவுக்கு அம்மாவே அஞ்சு பேரு."

நம் வழக்கப்படி உன் தங்கைமார் நாலு பேரும் அவளுக்கு அம்மாதானே? பாவம் பிரென்னன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார். நம் பழக்கம் அதற்குள் தொற்றிவிட்டது. ஆனால் கேட்டதையெல்லாம் வரைந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. இனி நம் பிள்ளை ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கமாட்டாள், கவலையை விடு.

அத்தானுக்கு என் அன்பு, நாய்க்கு என் மன்னிப்பு. உன் வலை எப்போதும் மீனோடு கனத்து வரட்டும்.

இப்படிக்கு,
தம்பி அல்போன்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் டெலோராவே போன் செய்தாள். பெருமையாக எல்லாம் சொன்னேன். "ஐயோ மாமா! நான் எங்க தனிமைல வாடினேன்? வாராவாரம் அஞ்சு அம்மாவும் நீங்களும் வந்து உக்காந்துட்டா எப்பப் படிக்கிறது? மேசை இருக்கட்டும், மான் தொடையும் இருக்கட்டும். என் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு வேணும். இருந்தா விடுதி திறக்குற அன்னைக்கே வர்றேன்" என்றாள். வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு அறைக்கும் கதவே இல்லை. அதையும் நான் மென்றபோதுதான் அழித்திருக்கிறார். நாளை மறுபடி போகிறேன். கதவு வரும்வரை ரொட்டியைத் தொடமாட்டேன். தங்கைமாரிடம் விஷயத்தை நீயே சொல்லிவிடு, எனக்குத் துணிச்சல் இல்லை.