டிக்கியில் கட்டிய நீலக் கயிறு

பிள்ளைகளே, கொழும்பில் கார் வைத்திருந்தவர்களில் ஒரு மெக்கானிக்கிடமும் ஏமாறாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். ஏமாறாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், ஏமாந்துவிட்டு வீட்டில் நிம்மதியாகப் படுப்பது எவ்வளவோ மேல்.

வெள்ளவத்தையில் எல்லோருக்கும் அவர் 'ட்ரயல் மாமா'. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். அவரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. அது ஓடிய நேரத்தை விட, வயிற்றைத் திறந்துகொண்டு நின்ற நேரம்தான் கூட.

மாமாவிடம் ஒரு சட்டம் இருந்தது. கார் திருத்தினால் கராஜில் காசு கொடுக்கமாட்டார். திருத்தியவர் பின் சீற்றில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வரவேண்டும். அங்கே மாமாவின் தங்கச்சி வீடு. அதுவரை கார் ஒழுங்காக ஓடினால் தேத்தண்ணியும் கிடைக்கும், காசும் கிடைக்கும். வழியில் ஏதும் பிழைத்தால் இரண்டும் இல்லை. இதற்குப் பெயர்தான் ட்ரயல்.

மருதானை மெக்கானிக் ஒருவர், காலிமுகத்திடலில் கார் இருமத் தொடங்கியதும், "சிகரெட் ஒண்டு வாங்கிட்டு வாறன்" என்று இறங்கிப் போனார். அடுத்து நாங்கள் அவரைக் கண்டது பஸ் ஜன்னலில். இன்னொருவர் வைப்பர் திருத்தினார். "மழை வரட்டும், பாத்துத் தாறன்" என்றார் மாமா. மழை வரவேயில்லை. பொறுக்க முடியாமல் அந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் காட்டினார். வைப்பர் நன்றாகத்தான் ஆடியது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஹோர்னும் சேர்ந்து அடித்தது.

கழற்றிய பிழையான சாமான் ஒவ்வொன்றையும் மாமா ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு டிக்கிக்குள் வைத்திருந்தார். கருகிய கொயில், வயர்த் துண்டுகள், டாஷ்போர்டில் நேரம் பிழையாகக் காட்டிய மணிக்கூடு. கேட்டால், "நாளைக்குப் பிரச்சினை வந்தா சாட்சி வேணும் தம்பி" என்பார்.

கடைசியில் மாமாவின் கார்ச் சத்தம் கேட்டாலே கராஜ்காரர்கள் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். சாத்தாதவர் ஒருவர்தான். கொம்பனித்தெரு ரஷீத் நானா. அவரும் மாமாவும் சண்டை பிடிப்பதைக் கேட்டால் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவேமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். அடுத்த கிழமை நானா மறுபடி காருக்குக் கீழே படுத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா டிக்கியின் பூட்டைத் திருத்திக் கொடுத்தார். நானாவைப் பின் சீற்றில் ஏற்றிக்கொண்டு மாமா என் வீட்டு வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார்.

"தம்பி, ஏறும். நடுநிலையான ஆள் ஒண்டு வேணும்."

உங்கள் அக்கா அப்போது கைக்குழந்தை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

அது நாட்டில் சண்டை நடந்த காலம். வீதிக்கு வீதி செக் பொயின்ற். தமிழ் ஆட்கள் இருக்கும் கார் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தேடுவார்கள். பதில் பிடிக்காவிட்டால் பொலிஸுக்குக் கொண்டுபோவார்கள். போனவர் எப்போது வருவார் என்று வீட்டாருக்குச் சொல்ல ஆள் இராது.

கோட்டைக்குக் கிட்ட மறித்தார்கள். ஒரு சோல்ஜர் குனிந்து, "டிக்கிய அரின்ன" என்றான். டிக்கியைத் திறக்கட்டாம். மாமா இறங்கித் திறப்பைப் போட்டுத் திருகினார். அசையவில்லை. மறுபடி திருகினார். இல்லை.

வேறு யாராவது என்றால் நடுங்கியிருப்பார்கள். மாமாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீரோ நானா! ட்ரயல் பெயில்! ஒரு சதம் தரமாட்டன்!"

"லொக் பக்கா ஐயா! கோழி கழுத்த திருகுற மாதிரி திருகினா எந்த லொக்கு தொறக்கும்?"

"நான் கார் ஓடத் தொடங்கேக்க நீர் பிறக்கவே இல்லை!"

"அதான் காரும் இப்பிடி இரிக்குது!"

சோல்ஜர் துவக்கின் குழலால் டிக்கியில் தட்டினான். அங்கே பொறுப்பாக நின்ற பெரியவரைக் கூப்பிட்டான். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்கு அந்த டின் ஞாபகம் வந்தது. உள்ளே வயர், கொயில், போதாததற்கு ஒரு மணிக்கூடு. பார்ப்பவனுக்கு அது குண்டேதான். டிக்கி திறக்காவிட்டாலும் பிழை, திறந்தால் அதைவிடப் பிழை. உங்கள் அம்மா சோற்றை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது.

"ஏன் திறக்குதில்லை?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.

நானா ஒரு வார்த்தையில் தப்பியிருக்கலாம். "நான் மெக்கானிக், இவர்களைத் தெரியாது" என்றால் போதும். அவர் மாமாவை ஒருதரம் பார்த்தார்.

"மகே வெரெத்த, சேர்" என்றார். என்னுடைய பிழை.

எந்த மெக்கானிக்கின் வாயிலும் நான் கேட்டிராத சொல் அது. மாமாவே திகைத்துப்போனார்.

இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். டின் வெளியே வந்தது. நானா மூடியைத் திறந்ததும் எல்லாத் துவக்கும் எங்கள் பக்கம் திரும்பியது. நானா அவசரமாக ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இது பழைய கொயில், சேர். நான் பிழையாகப் போட்டது. இந்த வயரும் என் பிழை. இந்த மணிக்கூடும் என் பிழைதான்."

மாமாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நே சேர்! ஏக்க எயாகே நெமெய்!" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினார். அது இவருடையது இல்லையாம். பிறகு தமிழுக்குத் தாவினார். "கொயில் மருதானைக்காரன்ர பிழை! மணிக்கூடு வேற ஒருத்தன்ர! நானான்ர பிழை இந்தச் சிவப்பு வயர் மட்டும்தான்!"

"ஐயா, வாய மூடுங்க! நான் சும்மா சொல்ற!" என்றார் நானா பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா எப்பிடிச் சொல்லுவீர்? கண்டவன்ர பிழையெல்லாம் உம்மட தலையிலயோ? அநியாயம்!"

பெரியவர் என்ன சண்டை என்று கேட்டார். காசு கொடுக்காமல் விடுவதற்காக இந்த ஐயா சேர்த்து வைத்திருக்கும் சாட்சிகள் என்று நானா விளக்கினார். பெரியவர் டின்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு சட்டென்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"யன்ன, யன்ன" என்று கையை மட்டும் ஆட்டினார். போங்கள், போங்கள்.



மூடாத டிக்கியை நானா ஒரு நீல நைலோன் கயிற்றால் கட்டினார். கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணி குடித்து முடிந்ததும், மாமா பேர்ஸை எடுத்தார்.

"வாணாம் ஐயா. ட்ரயல் பெயில்" என்றார் நானா.

"சட்டம் என்ர. நான் மாத்துவன். பிடியும்!"

"வேலை பிழை எண்டு நானே சேருக்குச் சொன்னதானே? பிழையான வேலைக்கு நான் சல்லி எடுக்கமாட்டேன்."

திரும்பி வரும் வழி முழுக்க இதே சண்டைதான், தலைகீழாக. காசு முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் போய்ப் போய் வந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கடைசியில் மாமா காரை ஓரமாக நிறுத்தி, இறங்கிப்போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"சரி நானா. பூட்டுக்குத் தரேல்லை. கயிறு கட்டினதுக்குத் தாறன். இறுக்கமாத்தான் இருக்கு. ட்ரயல் பாஸ்."

அதற்குப் பிறகு அந்தப் பூட்டை மாமா திருத்தவேயில்லை. கார் பழைய இரும்புக்குப் போன அன்று, "உமக்கு என்ன வேணும் தம்பி?" என்று கேட்டார். நான் கேட்டது ஒன்றுதான்.

பல்கனியில் அம்மா உங்கள் பள்ளிக்கூட உடுப்புக் காயப்போடுகிறாவே, அந்த நீலக் கயிறு. அதில் தொங்கி விளையாடாதீர்கள், பிள்ளைகளே.