திரைக்கு அந்தப் பக்கம் பைரவி

நீதி தவறாதவன் நான். போன மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை அப்படித்தான் இருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை தூக்குகிறவர்கள் முதல் படகில் டிக்கெட் கிழிக்கிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

என் பெயர் ராமபத்ரன். வயலின் வித்வான். இந்தப் பக்கத்தில் வயலின் பெட்டியும் கையுமாக யார் போனாலும் அவன் என்னிடம் படிக்கிறவன், அல்லது என்னிடம் படித்து அழுதுகொண்டே ஓடிப்போனவன். இரண்டாவது வகை சமீபகாலமாகக் கூடிவிட்டது. நான் என்ன செய்ய? அபஸ்வரம் வாசித்தால் கத்தாமல் கொஞ்சவா முடியும்?

கொஞ்சலாம் என்பது என் மனைவி கமலாக்ஷியின் கட்சி. ஒரு நாள் மத்தியானம் பேச்சை ஆரம்பித்தாள். மாடி வீட்டுச் செல்வலட்சுமி எங்கள் சமையலறையில் சாயா குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. செல்வலட்சுமிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பஜாரில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அவள் மகள் ஸாதனா என் மாணவி. எங்கள் வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் சாட்சிக்குத் தவறாமல் வந்துவிடுவாள்.

"ஏன்னா, இந்தச் சின்னக் குழந்தைகளை நான் பாத்துக்கறேனே. சாயந்திரம் ஒரு மணி நேரம் முன்னறையை எனக்குத் தாங்கோ."

"நீயா? வயலினா?"

"நான்தான். வயலின்தான். எனக்கும் வாசிக்கத் தெரியுமாக்கும்."

தெரியும். பாலக்காட்டில் அவள் அப்பாவிடம் பதினோரு வருஷம் படித்தவள். கல்யாணம் ஆகி வந்தபோது புடவைப் பெட்டியோடு வயலின் பெட்டியும் வந்தது. "ஒரு வீட்டுக்கு ஒரு வயலின் போதும்" என்று நான் தமாஷாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியது. இருபத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முன்னறை என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ரோட்டைப் பார்த்த இரண்டு ஜன்னல், ஒரு ஃபேன், வாசலில் என் பெயர்ப் பலகை. அங்கே உட்கார்ந்தால்தான் நான் வித்வான். சமையலறையைத் தாண்டிவிட்டால் நான் வெறும் கமலாக்ஷியின் புருஷன்.

"எந்த சபாவில வாசிச்சிருக்கே? ஒரு சர்டிபிகேட் உண்டா? ஒரு போட்டியில முதல் பரிசு வாங்கிண்டு வா. அன்னிக்கே முன்னறையை ஒழிச்சுத் தந்துட்டு, நான் பின்னால துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல பாய் போட்டுக்கறேன்."

"நெஜமாவா?"

"சரஸ்வதி மேல ஆணை!"

"யக்கா, நான் கேட்டுட்டேன்" என்றாள் செல்வலட்சுமி. "சரஸ்வதியும் கேட்டிருப்பா."

ஐம்பது வயதுக்காரிக்கு எவன் போட்டி வைக்கப் போகிறான் என்ற தைரியத்தில் தூங்கினேன். நாலாவது நாள் எங்கள் சங்கீத சபாவிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. வெள்ளி விழா வயலின் போட்டி. வயது வரம்பு கிடையாது.

"பேர் குடுத்துட்டேன், கேட்டேளா?" என்றாள் கமலாக்ஷி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

எனக்குத் தோசை இறங்கவில்லை. நாலு தோசையோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் மூளை வேலை செய்தது. அந்தப் போட்டிக்கு நடுவராக வரும்படி சபா செயலாளர் ரமேஷ்பாபு ஏற்கெனவே என்னைக் கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்துக்காக இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். உடனே போன் போட்டேன்.

"ரமேஷ்பாபு, நடுவரா வரேன். ஆனா ஒரு நிபந்தனை. நடுவரோட வீட்டு மனுஷா யாரும் கலந்துக்கப்படாது. நியாயம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"மாஷே, உங்க வீட்டாளையும் உங்க சிஷ்யன்மாரையும் கழிச்சா மேடையில மைக்செட்காரன் மாத்ரம்தான் மிச்சம்! அதுக்காக்கும் இந்த வருஷம் திரை போடறோம். நம்பர் மட்டும் விளிப்போம். யாரு வாசிக்கறான்னு உங்களுக்குத் தெரியாது. பின்னே என்ன பிரச்சினை?"

பிரச்சினை எனக்குத்தான் தெரியும்.

இந்த சபாவில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பெண் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் நிறைகுறைகளை எழுதி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டி முடிந்ததும் அந்தத் தாளை வாசித்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாள்களில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு வயலினை விற்றவர்கள் உண்டு.

திரை போட்டால் என்ன? கண்ணைத்தானே மறைக்கும், காதை மறைக்குமா? அவள் வாசிப்பின் அடையாளம் ஒன்று தெரிந்தால் போதும், மதிப்பெண்ணில் பார்த்துக்கொள்ளலாம். அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது. தினமும் சாயந்திரம் சமையலறையில் பைரவி ராகம். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறக்காமல் கேட்டேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன்!

பைரவியில் மேலே ஏறும்போது ஒரு தைவத ஸ்வரம், கீழே இறங்கும்போது வேறு தைவதம். இறங்கும்போது அதைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கமலாக்ஷி பிடிக்கவில்லை. அவள் விரல் ஒரு நூல் அளவு மேலேயே நின்று, வழுக்கிக்கொண்டு இறங்கியது. தப்பான தைவதம். ஒவ்வொரு முறையும், அதே இடத்தில், அதே வழுக்கல்.

நான் குளியலறையில் சத்தம் வராமல் ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். ஈரத் தரை. விழவில்லை.

அவள் என்னிடமே வந்து கேட்டாள். "ஏன்னா, இந்த எறக்கத்துல தைவதம் சரியா இருக்கா?"

"ரொம்ப சரி."

மறுநாளும் கேட்டாள். "ஒரு நூல் மேல நிக்கறதோ?"

"சேச்சே! அதுதான் அழகு."

போட்டிக்கு முதல் நாளும் கேட்டாள். "பேஷ்" என்றேன். துரோகம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணி துவைக்கிற கல்லை நீங்கள் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு முந்தின இரண்டு வாரமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அவள் மாடிக்குப் போனாள். செல்வலட்சுமிக்கு மாவரைக்க ஒத்தாசை என்றாள். மேலே கிரைண்டர் கடகடவென்று ஓடியது. இட்லிக்கு இவ்வளவு மாவா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் தைவதத்தில் மூழ்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் ஜிப்பா போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"நீ வரலையா?"

"நடுவரும் போட்டிக்காரியும் ஒரே ஆட்டோவில வந்தா நாலு பேர் என்ன சொல்லுவா? நீங்க முன்னால போங்கோ" என்றாள். என்ன நேர்மை!

சபா ஹால் ஒரு பழைய மசாலா கிடங்குக்கு மேலே இருக்கிறது. கீழே மிளகு மூட்டை. மேலே சங்கீதம். தும்மாமல் யாரும் ஆலாபனை முடித்ததில்லை. நடுவர்கள் மூன்று பேர்: நான், மிருதங்க வித்வான் சுதீர், எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒரு பாடகி. எங்களுக்கும் மேடைக்கும் நடுவில் பச்சைத் திரை.

நம்பர் ஒன்று, மோகனம். நம்பர் இரண்டு, மோகனம் மாதிரி ஏதோ ஒன்று. நம்பர் மூன்று, பைரவி! நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறங்கியது. வழுக்கியது. சிக்கினாள்!

நாற்பது போட்டேன். தாளை எடுத்தேன். பேனா தானாக ஓடியது: "இறக்கத்தில் தைவதம் தப்பு. இந்த வழுக்கலைச் சொல்லிக்கொடுத்த குரு வில்லைக் கீழே வைத்துவிட்டு வேறு தொழில் பார்ப்பது சங்கீதத்துக்குச் செய்யும் சேவை." மாமனார் இப்போது இல்லை, கோபித்துக்கொள்ள மாட்டார். கையெழுத்துப் போட்டேன். ராமபத்ரன்.

நம்பர் ஆறு. பைரவி. அதே இடம், அதே வழுக்கல். எனக்கு வியர்த்தது. அப்படியானால் மூன்று யார், ஆறு யார்? எதற்கும் இருக்கட்டும் என்று இதற்கும் நாற்பது. அதே வாசகம். அதே கையெழுத்து.

நம்பர் ஒன்பது. பைரவி. வழுக்கல்.

"என்ன மாஷே, நாற்பதா?" சுதீர் என் தாளை எட்டிப் பார்த்தார். "இது நல்ல பரிச்சயம் உள்ள பாணி அல்லவா? எங்கேயோ கேட்டிருக்கேன்."

"தைவதம் ஐயா, தைவதம்! கொச்சி முழுக்க ஏதோ தொற்றுவியாதி பரவியிருக்கு!" என்றேன். மூவரில் ஒருத்தி கமலாக்ஷி. மற்ற இருவரும் பாவம். ஆனால் ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை. நான் நீதி தவறாதவன்.

பிறகு நம்பர் பன்னிரண்டு. அதுவும் பைரவிதான். சலிப்போடு பேனாவை எடுத்தேன். வில் தந்தியில் பட்டது. பேனாவை வைத்துவிட்டேன்.

அப்படி ஒரு பைரவியை நான் கேட்டு வெகு நாளாயிற்று. அவசரமே இல்லை. ஏறும்போது நிமிர்ந்து, இறங்கும்போது தைவதம் அதற்கான இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. கீழே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம்கூட நின்றுபோனது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகு இல்லை. நிஜ நீர்.

தொண்ணூற்றாறு போட்டேன். என் வாழ்நாளில் யாருக்கும் எழுபதைத் தாண்டியதில்லை. மற்ற இருவரும் அப்படியே போட்டிருந்தார்கள். முடிவு சொல்ல மைக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள். விட்டுவிடுவேனா?

"முதல் பரிசு நம்பர் பன்னிரண்டு! இவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இவர் வகுப்பு எடுத்தால் என் மாணவர்களை எல்லாம் நானே கொண்டுபோய் விடுவேன். இது சரஸ்வதி மேல் ஆணை!"

திரை விலகியது. அரக்குப் புடவையில், வயலினை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கமலாக்ஷி நின்றாள். ஹாலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. செல்வலட்சுமி.

பரிசை என் கையால்தான் கொடுத்தேன். போட்டோ இருக்கிறது. அதில் நான் தும்மப் போகிறவன் மாதிரி இருப்பேன்.

போனால் போகட்டும், சின்னக் குழந்தைகள் அவளுக்கு, பெரிய மாணவர்கள் எனக்கு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. செல்வலட்சுமி மகள் ஸாதனாவோடு நின்றாள். பின்னால் என் செல்ல மாணவன் அபிராம். அவன் பின்னால் ரோஹனும் அவன் அம்மாவும். மூன்று கைகளில் மூன்று தாள். நம்பர் மூன்று, ஆறு, ஒன்பது.

"ஸார், இது உங்க எழுத்துதான?" என்றாள் செல்வலட்சுமி.

"ஆமாம்."

"கையெழுத்தும் உங்களுதுதான?"

"ஆ... மாம்."

"இதச் சொல்லிக்குடுத்த வாத்தியாரு வில்லக் கீழ வச்சிட்டு வேற தொழில் பாக்கணும்னு போட்டிருக்கு. பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்கதான்! வாத்தியாரு பேச்ச மீற முடியுமா ஸார்? அதான் மாமிகிட்ட சேத்துவிட வந்திருக்கோம்."

நான் உள்ளே ஓடினேன். வயலினை எடுத்தேன். பைரவி. ஏறினேன். இறங்கினேன். வழுக்கியது.

மறுபடியும் இறங்கினேன். மறுபடியும் வழுக்கியது. முப்பது வருஷமாக என் விரல் அங்கேதான் வழுக்கிக்கொண்டிருக்கிறது. நான் வாசிக்கும்போது என் காது கைதட்டலுக்காகக் காத்திருக்கும். தைவதத்தை யார் கேட்டார்கள்?

கமலாக்ஷி கதவோரம் நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணம் ஆன முதல் வாரத்துலேர்ந்து. நான் சொன்னா கேப்பேளா? அதான் உங்களை மாதிரியே சமையல்கட்டுல வாசிச்சுக் காட்டினேன். நேரா வாசிச்சது மாடியில, கிரைண்டரை வெறுமன ஓட விட்டுண்டு."

"அடிப்பாவி!"

"கோபம் அப்பறம். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்கோ. தைவதம் சரியான்னு மூணு நாள் கேட்டேன். மூணு நாளும் சரின்னேள். தப்புன்னு தெரிஞ்சு சரின்னேளா? தெரியாம சரின்னேளா?"

தெரிந்து என்றால் நான் துரோகி. தெரியாமல் என்றால் நான் வித்வானே இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் துணி துவைக்கிற கல். பாயைச் சுருட்டினேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தப் பைரவி இருபத்தாறு வருஷம் என் அலமாரி மேலேயே இருந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது முன்னறை நிரம்பி வழிகிறது. ஓடிப்போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். யாரும் அழுவதில்லை. சனிக்கிழமை சாயந்திரம் பைரவி இறக்கத்துக்கென்று தனி வகுப்பு. போன வாரம் ஸாதனா வாசித்தாள். தேறிவிட்டாள். அபிராம் தேறிவிட்டான். ரோஹன் பாதி தேறினான்.

"சரி, நம்பர் நாலு வரலாம்" என்றாள் கமலாக்ஷி.

வயலினை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.