புரொசசர் பொருத்தம்

“ஒருவருக்கும் தெரியாமல் முடித்துத்தாறன்” என்று நாலுபேர் முன்னால் சொல்கிறவன் நாற்பதுபேர் பார்க்க மாட்டுப்படுவான். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையின் கணினி அறையில் கற்றேன். நடந்தது ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை. திகதியும் குறித்து வைத்திருக்கிறேன். (இங்கே எழுதினால் வீட்டில் கேக் வெட்டிவிடுவார்கள்.)

ஆலையில் இரண்டு பழைய சேர்வர்கள் இருந்தன. நெல் நிறுக்கும் மென்பொருள் அவற்றில் ஒன்றுக்குள் மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் குடியிருக்கும் கணினியாக, ஓடியது. தராசின் இலக்கமே அதன் திரையில்தான் தெரியும். அது நின்றால் கொள்வனவும் நிற்கும். முதலாளி மூன்றாவதாகப் புது சேர்வர் வாங்கியபோது, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமலே புதியதற்கு மாற்றிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. நிரந்தரமாக்குவார்களோ என்று தெரியாத காலத்தில்தான் வாய் நீளும்.

நாள் பார்த்தவர் முதலாளியின் மனைவி சொர்ணமக்கா. ஆலையின் கணக்கும் அவரே. அறுவடைக் காலம், நெல் ட்ரக்டர்கள் ஏ-9 வீதிவரை வரிசையில் நின்றன. ட்ரக்டர்காரருக்குத் தெரியவே தெரியாது என்று அக்காவுக்கு உறுதி சொன்னேன். சுபநேரத்தில் புது சேர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். பொத்தானை அழுத்தினேன்.

மறுத்துவிட்டது. பழையவற்றின் புரொசசர் ஒரு கம்பனி, புதியதில் இருந்தது வேறு கம்பனி. ஓடுகிற கணினி அப்படிக் கம்பனி மாறிக் குடிபோகாது. (நாள் நட்சத்திரமெல்லாம் பார்த்த அக்கா, புரொசசர் பொருத்தத்தை மட்டும் என்னை நம்பி விட்டிருந்தார்.) நிறுத்திவிட்டுக் கொண்டுபோனால் போகும். நிறுத்தினேன். கொண்டுபோனேன். புதியதில் தொடக்கினால், லைசென்ஸ் போதாது என்றது. மூன்று சேர்வருக்கு மூன்று லைசென்ஸ் வாங்கியவன் நான். லைசென்ஸ் கணக்கு சேர்வர் பெட்டிக்கல்ல, உள்ளே இருக்கும் புரொசசருக்கு. பழையவற்றில் ஒவ்வொரு புரொசசர், புதியதன் வயிற்றுக்குள் இரட்டைப்பிள்ளை.

வெளியே ஹோர்ன் சத்தம் தொடங்கிவிட்டது. பூநகரியிலிருந்து நெல் கொண்டுவந்த தவராசா அண்ணை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வீதியோரத்தில் நாட்கணக்காகக் காயவைத்த நெல். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நெல்லை மூடக் கொண்டுவந்த படங்கோ கிழிசல். நனைந்த நெல்லை ஆலை எடுக்காது.

“தம்பி, திருப்பிக் கொண்டுபோய் இன்னொருக்காக் காயவைக்க எனக்கு ஏலாது. பழைய மிசின் நல்லாத்தானே ஓடினது?”

நல்லாத்தான் ஓடியது. அதிலேயே மறுபடி தொடக்கினால் உடனே ஓடும். வாயைத் திறந்தேன். சொர்ணமக்கா மறித்தார். சுபநேரத்தில் வெளிக்கிட்டது பாதியில் திரும்பினால் ஆலைக்கு ஆகாதாம். முதலாளி கூரையைப் பார்த்தார். (மத்தியானம் வீட்டில் போய்ச் சாப்பிட வேண்டியவர்.) புதியதைத் திறந்து ஒரு புரொசசரைக் கழற்றிவிட்டால் லைசென்சுக்குள் அடங்கும் என்று சொல்லி ஸ்குரூ ட்ரைவரை எடுத்தேன். முதலாளியின் முகம் போன போக்கில் அதைத் திரும்ப வைத்துவிட்டேன்.

தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

“தங்கச்சி, மனுசர் வெளிக்கிட்டுத் திரும்பினா என்ன செய்யிறனாங்கள்?” என்று தவராசா அண்ணை அக்காவைக் கேட்டார். “இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறேல்லையோ?”

அக்கா யோசித்தார். குசினிப் பக்கம் போனார். செம்பு நிறையத் தண்ணீருடன் நேரே சேர்வரை நோக்கி வந்தார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

“அக்கா, அது தண்ணி குடியாது. செத்துப்போம்.”

“அப்ப ஆர் குடிக்கிறது?”

“நான் குடிக்கிறன்.”

“நிண்டுகொண்டு குடிக்கக்கூடாது. இருந்து குடியும்.”

கதிரையில் அமர்ந்து முழுச் செம்பையும் குடித்தேன். பழைய சேர்வரில் தொடக்கினேன். திரையில் தராசின் இலக்கம் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களே வழிவிட, தவராசா அண்ணையின் ட்ரக்டர் தராசுக் கொட்டகைக்குள் ஏறவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஒரேயொரு மூட்டை நனைந்தது. அதைத் தம்பி காயவைக்கட்டும் என்று என் மேசையடியில் இறக்கிவிட்டுப் போனார். காயவைத்தேன்.

நாலாவது லைசென்ஸ் வந்தபின், கொள்வனவு இல்லாத ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், எல்லாவற்றையும் நிறுத்தியே மாற்றினேன். என் வேலை நிரந்தரமாயிற்று. தண்ணீரும் நிரந்தரமாயிற்று: சேர்வரை எப்போது நிறுத்தித் தொடக்கினாலும் அக்கா செம்போடு வந்து நிற்பார். செய்தி எப்படியோ என் வீட்டுக்கும் போய்விட்டது. போன கிழமை மகளின் போன் இறுகி நின்றது. திருத்தித் தாங்கோ என்று அவள் என்னிடம் அதை நீட்டவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இருந்து குடியுங்கோ அப்பா.”