நூலுக்கான அமிலமும் என் முகமும்

அரைகுறைப் படிப்பு ஆபத்தானது என்பார்கள். அரைகுறைப் படிப்போடு ஒரு முகக்கண்ணாடியும் கையில் கிடைத்தால் அதைவிட ஆபத்து. இதை நான் முகத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. கிழக்கிலங்கை மருதமுனைப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம். ஊரில் நடக்கும் எதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விடயம்.)

அப்போதுதான் சாய்ந்தமருதிலிருந்து என்னைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். ஆகவே சபையில் பார்க்கப்படப்போவது என் முகம். அதில் நெற்றி முதல் தாடை வரை பருக்கள். பெண் கணித ஆசிரியை. ஆசிரியர் கூட்டமொன்றில் அவர் எழுந்து, பெரியவர் ஒருவரின் கணக்கைப் பிழையென்று அமைதியாகச் சொன்னதை நான் கண்டிருந்தேன். அன்றிலிருந்தே பிடித்துப்போயிற்று. இந்தச் சம்பந்தம் தவறிவிடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

பருவை விரட்ட ஒரு மாதமாக உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத்தால் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். முகம் வறண்டு இழுத்ததே தவிர, பரு போகவில்லை. பாடசாலையிலிருந்து பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள்) கொண்டுவந்து சவுக்கார நுரையில் தோய்த்தேன். சிவப்புத் தாள் நீலமாகியது. காரம். மனிதத் தோலோ இலேசான அமிலம். அதன் பீஎச் ஐந்தரைக்குக் கிட்ட. இதுவரை நான் கண்டுபிடித்தது முழுவதும் சரி. இந்த இடத்தில் சவுக்காரத்தை மட்டும் மாற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஆனால் நான் நெசவுக்காரன் மகன். வாப்பா காரத் தண்ணீரில் சாயமேற்றிய நூலைக் கடைசியில் கொஞ்சம் அசற்றிக் அமிலம் (வினாகிரியில் இருப்பதுதான்) விட்ட தண்ணீரில் அலசுவார். காரம் முறிந்து நூல் மினுங்கும். நூலுக்கு நடப்பது முகத்துக்கு நடக்காதா?

வாப்பா ஒரு பீப்பாய்த் தண்ணீருக்கு ஒரு மூடி அமிலம் விடுவார். நான் ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மூடி விட்டேன். (ஒரு மாதத்துக் காரம் அல்லவா.) துணியை அதில் நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு, நூலை ஊறவிடுவது போல ஊறவிட்டேன். எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன்.

மறுநாள் முகம் அவித்த இறாலின் நிறத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள், அவர்கள் வருகிற அன்றைக்கே, தோல் உரியத் தொடங்கியது. பருக்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"என்ன மனே இது?" என்று உம்மா தலையில் கைவைத்தார்.

"காரத்த முறிச்சன் உம்மா."

வாப்பா பட்டறைக்குப் போய் அமிலப் போத்தலைப் பார்த்துவிட்டு வந்தார். "நூல் பழுதாப்போனா வேற நூல்கழி வாங்கலாம். நீ வேற மூஞ்சிக்கு எங்கடா போற?"

பெண்ணின் வாப்பாவும் அவருடைய ராத்தாவும் (அக்கா) வந்தார்கள். பெண்ணின் வாப்பா நெல் வியாபாரி. எதையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் பேசுகிறவர். ராத்தா என்னைக் கண்டதும் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன வருத்தம்? தொத்துமா?"

"வருத்தமில்ல. அமிலம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சவுக்காரம், காரம், நூல், ஒரு மூடி என்று எதையும் மறைக்காமல் பாடம் நடத்தினேன். அதோடு விட்டேனா? சேட்டுப் பையிலிருந்து நீலத்தாள் ஒன்றை எடுத்து பெண்ணின் வாப்பாவுடைய வியர்த்த நெற்றியில் ஒட்டினேன். தாள் இலேசாகச் சிவந்தது.

"மாமாட தோல் சரியான தோல்" என்று சான்றிதழும் கொடுத்தேன். (சம்பந்தமே இன்னும் பேசவில்லை, அதற்குள் மாமா.)

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் வாப்பா தாளை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றம்" என்று எழும்பினார்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சம்மதம் வந்தது. நான் நம்பவில்லை, உம்மா அதைவிட நம்பவில்லை.

வீட்டில் தன் வாப்பா சொன்னதை மனைவி பிறகு சொன்னார்: "வருத்தத்தை மறைச்சுப் பவுடர் பூசிட்டு வாறவனுக்குத்தான் பயப்படணும். இவன் செஞ்ச பிழைய முழுக்கச் சொல்லிட்டான். பொய் தெரியா. ஆனா தனிய விட ஏலா."

பெண்ணும் ஒரு நிபந்தனையோடு ஓம் என்றாராம். வீட்டுக்குச் சவுக்காரம் அவர்தான் வாங்குவார். இன்றுவரை அவர்தான் வாங்குகிறார்.

போன மாதம் மகள் முகம் கழுவும் திரவமொன்று கொண்டுவந்தாள். போத்தலில் பீஎச் ஐந்தரை என்று அச்சடித்திருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"வாப்பாட்ட குடுக்க முந்திச் சொல்லிரு புள்ள," என்றார், "அது முகத்துக்கு, நூலுக்கில்ல எண்டு."